வெட்கம் என்று எழுதிய பயம்

அத்தியாயம் 11

“நீ வேணாம்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் நான் ஒரு அடி கிட்ட வருவேன்.”

இந்த வரியை எழுதியவள் நேத்ரா. நான்கு மாதத்துக்கு முன்னால், இதே மேசையில் உட்கார்ந்து எழுதியது. இன்று காலை ஒன்பது முப்பத்தைந்துக்கு, அவளுடைய தங்கை மம்தாவுக்கு வந்த செய்தியாக அது லேப்டாப் திரையில் நின்றது.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டுக் கோலார் தங்கவயலுக்கே திரும்பி வந்த நேத்ரா, ‘நீல யூனிஃபார்ம்’ என்ற கன்னடத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ, படிக்கிற பிள்ளைகளின் காதல் கதை. செல்போனிலேயே பார்க்கிற தொடர். கே.ஜி.எஃப்.பில் பாதிப் பிள்ளைகள் கன்னடத்தில் பார்ப்பார்கள், பாதிப் பேர் நேத்ராவின் தமிழில் பார்ப்பார்கள். இரண்டிலும் பார்க்கிறவர்களும் உண்டு.

நேற்று மாலை, பதினேழு வயது மம்தா பிசிக்ஸ் நோட்ஸ் பிரின்ட் எடுக்க அக்காவின் லேப்டாப்பில் தன் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். மூட மறந்துவிட்டாள். அதனால்தான் இந்தச் செய்தி நேத்ராவின் கண்ணில் பட்டது.

அனுப்பியவனின் எண்ணை, வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க, மம்தா ‘ஜெராக்ஸ் கடை’ என்று பதிந்து வைத்திருந்தாள்.

நேத்ரா மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஏழு வாரத்துச் செய்திகள். அவன் எழுதியதற்கெல்லாம் மம்தா ஒரே மாதிரிதான் பதில் போட்டிருந்தாள்.

‘வேணாம்.’

‘ப்ளீஸ் மெசேஜ் பண்ணாதீங்க.’

‘நீங்க யாரு? எனக்குப் பயமா இருக்கு.’

ஒவ்வொரு பதிலுக்கும் கீழே அவனிடமிருந்து ஒரு படம். முதலில் காலேஜ் கேட். அடுத்த வாரம் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாப். அதற்கடுத்து, குவார்ட்டர்ஸ் தெருவின் முனையில் இருக்கிற வாட்டர் டேங்க். பிறகு அவர்கள் வீட்டுக் கேட். எந்தப் படத்திலும் ஆள் கிடையாது. இடம் மட்டும்.

இன்று காலை வந்த படத்தில் ஒரு கொடிக்கயிறு இருந்தது. கயிற்றில் மம்தாவின் நீலத் துப்பட்டா.

நேத்ரா எழுந்து பின்கட்டு ஜன்னலுக்குப் போனாள். அதே கொடிக்கயிறு. அதே துப்பட்டா, இன்னும் ஈரமாக. படம் எடுத்தவன் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சுவருக்கு உள்ளே நின்றுதான் எடுத்திருக்க வேண்டும். அம்மா துணி காயப்போட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

அவள் பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகு மம்தாவுக்குப் போன் போட்டாள்.

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை போடப் போகும்போது அவள் போனே அடித்தது. மம்தா என்று நினைத்து அவசரமாகக் காதில் வைத்தாள். பெங்களூர் டப்பிங் ஸ்டூடியோவிலிருந்து ஷோபா மேடம்.

“நேத்ரா, முப்பத்திரெண்டாவது எபிசோடு எங்கம்மா? மூணு மணிக்கு வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட் வந்துடுவாங்க.”

“மேடம், வீட்ல ஒரு அவசரம்...”

“ஒரு சீன்தானேம்மா பாக்கி? அந்த ஹாஸ்பிடல் சீன். போன தடவை மாதிரி பண்ணிடாத, சொல்லிட்டேன். தியா கேரக்டர் ‘பயமா இருக்கு’ன்னு சொல்றதா எழுதி அனுப்பிட்ட. நான் உக்காந்து ‘வெட்கமா இருக்கு’ன்னு மாத்தினேன்.”

“அந்தப் பொண்ணு முகம் பயந்த மாதிரிதான் மேடம் இருந்துச்சு.”

“முகம் எப்படியோ இருக்கட்டும். மியூசிக் ரொமான்டிக்கா போகுதில்ல? இந்த சீன் காமெடியா வரணும். உங்கம்மா ஹாஸ்பிடல்லன்னு பொய் சொல்லி விஹான் அவளைப் பைக்ல கூட்டிட்டுப் போறான்ல, பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கணும்.”

நேத்ரா மேசைக்குத் திரும்பி, திரையில் நின்ற வரியை மறுபடி படித்தாள்.

“ஹலோ? நேத்ரா?”

அவள் போனை வைத்துவிட்டாள். அந்தக் காட்சி கன்னடத்தில் போன வாரமே வந்துவிட்டது. மம்தாவுக்குச் செய்தி அனுப்புகிறவனும் அதைப் பார்த்திருப்பான்.

சாவியை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அப்பா பக்தவச்சலம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஃபேக்டரியில் இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். இன்று செகண்ட் ஷிஃப்ட். அம்மா மங்களம் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, டிபன்கூடத் துன்னாம எங்க கெளம்பிட்ட?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

“இங்கதாம்மா. பஜார் வரைக்கும்.”

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் மாமா பெண் தேஜஸ்வினியின் ஞாபகம் வந்து வாயை அடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் தேஜஸ்வினிக்கு லெட்டர் எழுதினான். அவன் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தேஜஸ்வினிக்குப் படிப்பு நின்றது. பதினெட்டு முடிந்த மாதமே கல்யாணம். அன்று மாமா வீட்டில் கூடிப் பேசியபோது, “பொம்பளப் புள்ள எடம் குடுக்காம எவன் எழுதுவான்?” என்று கேட்டவள் மங்களம்தான்.

நேத்ரா ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

ராபர்ட்சன்பேட்டை வரை எப்படிப் போனாள் என்று பிறகு கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் கன்னடத்தில் திட்டியது மட்டும் நினைவிருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு பைக்கையும் பார்த்தாள். பின்சீட்டில் நீலத் துணி தெரிந்தாலே வேகத்தைக் குறைத்து முகம் தேடினாள். காலேஜ் நேரம். ஊரெல்லாம் நீலமாகத்தான் இருந்தது.

காலேஜ் வாட்ச்மேன் முனியப்பன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார்.

“இன்னாம்மா, அம்மாவுக்கு இப்ப எப்பிடி கீது?”

நேத்ரா ஸ்கூட்டியின் ஸ்டாண்டைப் போடத் தெரியாமல் இரண்டு தடவை உதைத்தாள்.

“அம்மாவுக்கு இன்னா?”

“கீழ வுழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரில சேத்துகீறாங்கன்னு ஒரு தம்பி வந்தானே. உங்க அண்ணன் பிரதாப் அனுப்பிச்சாருன்னு சொன்னான். உங்கம்மா பேரு, அப்பாரு பேரு, டிப்பார்ட்மென்டு எல்லாம் டாண் டாண்ணு சொன்னான். ஆபீஸ்ல எழுதி வாங்கிகினுதான் அனுப்பிச்சாங்க.”

“எப்போ?”

“பத்து மணி இருக்கும். பாப்பா அழுதுகினே போச்சும்மா.”

“ஆள் எப்படி இருந்தான்?”

“ஹெல்மெட் போட்டுகினு இருந்தான். கறுப்பு பைக்கு.” முனியப்பனின் முகம் மாறத் தொடங்கியது. “ஏம்மா, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லியா?”

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பிரதாப் அண்ணன் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய்விட்டான். நேத்ரா மம்தாவின் எண்ணுக்கு மறுபடி போட்டாள். இந்தத் தடவை மணியே அடிக்கவில்லை. சுவிட்ச் ஆஃப்.

எங்கே தேடுவது? தொடரில் விஹான் தியாவை ஆளில்லாத ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவான். அங்கே பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ‘ஐ லவ் யூ சொல்லு, வீட்ல விடறேன்’ என்பான். அவள் மூன்று தடவை மாட்டேன் என்று சொல்லி, நான்காவது தடவை சிரித்துவிடுவாள். திரும்பி வரும் வழியில் அவன் முதுகில் சாய்ந்துகொள்வாள். அப்பா கதாபாத்திரம் ஒரு கோமாளி. ஒன்றும் தெரியாமல் வாசலில் நின்று இரண்டு பேருக்கும் கையாட்டுவார்.

இந்த ஊரில் அதற்கு ஏரிக்கரை தேவையில்லை. சாம்பியன் ரீப்ஸ் தாண்டினால் சயனைட் மேடுகள் இருக்கின்றன. சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப் போன இடம். கல்யாண போட்டோ எடுக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். இன்று செவ்வாய். கத்தினால் கேட்பதற்கு ஆள் கிடையாது.

வண்டியைத் திருப்பினாள். அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத எண்.

எடுக்க விரல் வரவில்லை. அவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

“அக்கா...”

“மம்தா! எங்கடி இருக்க?”

“அக்கா, நீ மட்டும் வா. வேற யாரையும் கூட்டினு வராத. சாம்பியன் ஸ்டேஷன்ல இருக்கேன்.” அழுகையில் சொற்கள் உடைந்தன. “சீக்கிரம் வாக்கா. அவன் திரும்பி வந்துடுவான்.”

மணி பத்து இருபத்தைந்து.

*

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் அந்த நேரத்துக்குக் கூட்டமில்லை. மாரிகுப்பத்திலிருந்து வரும் வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில், கீரைக்கூடைக்குப் பக்கத்தில், மம்தா ஒரு அம்மாவின் முந்தானையைத் தன்மேல் போர்த்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தாள். கீரை விற்கும் மங்கம்மா. ஊர் ஊராகப் போகிறவள். மம்தாவுக்கும் ரோட்டுக்கும் நடுவில் மலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நேத்ராவைப் பார்த்ததும் மங்கம்மா நம்பவில்லை.

“நீ யாரு இதுக்கு?”

“அக்காம்மா.”

“நெஜமா பாப்பா? இதான் உங்க அக்காவா?” என்று மம்தாவிடம் கேட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் நகர்ந்தாள். “ரோட்லேர்ந்து ஓடியாந்து என் காலண்ட வுழுந்துச்சு. பின்னாடியே ஒருத்தன் பைக்க வுட்டுகினு வந்தான். நான் கத்துன கத்துல திரும்பிகினான். முட்டிய பாரு, எப்பிடி பேந்துகீது.”

மம்தாவின் வெள்ளை பேன்ட் வலது முட்டியில் கிழிந்திருந்தது. ரத்தம் கணுக்கால் வரை வழிந்து காயத் தொடங்கியிருந்தது. உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு.

நேத்ரா பக்கத்தில் உட்கார்ந்து அவளை இழுத்துக்கொண்டாள்.

“அம்மாவுக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லதானே?” என்று மம்தா கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல. வீட்ல சமைச்சிகினு இருக்காங்க.”

“பிரதாப் அண்ணா ஃப்ரெண்டுன்னு சொன்னான்க்கா. ஏறும்போதே, ‘போனை லாக் எடுத்துக் குடு, டாக்டருக்கு அடிக்கணும்’னு வாங்கிட்டான். ஆஸ்பத்திரிக்கு ரைட்ல திரும்பணும். அவன் லெஃப்ட்ல திரும்பினான். இன்னா அண்ணா இந்தப் பக்கம்னு கேட்டேன். பதிலே சொல்லல. பாடினான்.”

“பாடினானா?”

“‘நீல யூனிஃபார்ம்’ பாட்டு. அப்பதான் தெரிஞ்சுது, இவன்தான் அவன்னு.” மம்தா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நிறுத்துங்கன்னு அழுதேன். சிரிச்சான். ஸ்டேஷன் கிட்ட ஒரு ஹம்ப் இருக்குல்ல, அங்க கொஞ்சம் ஸ்லோ ஆச்சு. குதிச்சிட்டேன்.”

நேத்ரா தங்கையின் கையை விரித்து, ஒட்டியிருந்த சின்னச் சின்னக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

“ஏழு வாரமா வருதேடி. எங்கிட்ட ஏன் சொல்லல?”



“வீட்ல சொன்னா தேஜு அக்கா மாதிரி ஆயிடும். காலேஜ் நிறுத்திடுவாங்க.”

“நான் வீடா? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“கிளாஸ்ல ரெண்டு பேருகிட்ட காட்டினேன். ‘சூப்பர் டி, விஹான் மாதிரியே லவ் பண்றான்’னு சொன்னாங்க. உனக்குத்தான் ஃபீலிங்ஸே இல்லன்னு கிண்டல் பண்ணாங்க. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, எனக்கு மட்டும் பயமா இருக்கே, எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்.” குரல் இறங்கியது. “அந்த டயலாக் எல்லாம் நீ எழுதறதுதானே. உனக்கும் அது நல்லா இருக்குன்னுதானே எழுதுற? உங்கிட்ட எப்பிடி வந்து சொல்றது?”

நேத்ராவின் கை நின்றது.

அந்த வரியை எழுதிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கன்னடத்தில் இருந்த வசனம் சப்பையாக இருக்கிறது, தமிழில் பஞ்ச் வேண்டும் என்று ஷோபா மேடம் கேட்டிருந்தார். நாலைந்து விதமாக எழுதிப் பார்த்து, இது அமைந்ததும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். யாரிடம்? இதே மம்தாவிடம். மம்தா அன்று ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்தபடி தலையை மட்டும் ஆட்டினாள்.

“எனக்கு நல்லா இல்ல மம்தா,” என்றாள் நேத்ரா. “எழுதும்போதே நல்லா இல்ல. தெரிஞ்சேதான் எழுதினேன்.”

மம்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். மன்னித்த பார்வை இல்லை அது. நம்பலாமா என்று அளந்து பார்க்கிற பார்வை.

“போலீஸ்ல போய் சொல்லிடலாம். இப்பவே,” என்றாள் நேத்ரா.

“வேணாம்க்கா. அப்பாவுக்கு பி.பி. பிரதாப் அண்ணாவுக்குத் தெரிஞ்சா அவனை அடிக்கப் போவான், அண்ணன் மேலதான் கேஸ் ஆகும்.”

“அப்பாவை வெச்சிகினே போலாம். முதல்ல அப்பாகிட்ட நான் பேசறேன். நீ வாயே திறக்க வேணாம்.”

மம்தா நெடுநேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

மங்கம்மா தன் எண்ணை நேத்ராவின் போனில் அழுத்திக் கொடுத்தாள். “எவனாச்சும் கேட்டா என்னைக் கூப்புடு. நான் பாத்தத நான் சொல்லுவேன். எனக்கு இன்னா பயம்?”

*

முட்டியைக் கழுவி, மெடிக்கல் கடையில் பஞ்சும் மருந்தும் வாங்கிப் போட்டு, குவார்ட்டர்ஸ் வந்து சேரும்போது பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. எந்த வார்த்தையில் தொடங்குவது என்று நேத்ரா வழியெல்லாம் மனசுக்குள் எழுதி எழுதி அடித்தாள்.

தெருவுக்குள் திரும்பியதும் மம்தாவின் விரல்கள் அவள் இடுப்பைக் கவ்வின.

“அக்கா. நிறுத்து.”

வீட்டுக் கேட்டுக்கு முன்னால் ஒரு கறுப்பு பைக் நின்றிருந்தது. கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கியது.

“அவன்தான். அவன் வண்டிதான். போயிடலாம்க்கா. எங்கயாச்சும் போயிடலாம்.”

“அப்பாவும் அம்மாவும் உள்ள இருக்காங்கடி.”

திறந்திருந்த கதவு வழியாக அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது.

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டே படியேறினார்கள்.

ஹாலில், அப்பாவுக்கு எதிர் நாற்காலியில், இருபது வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்த முகம். இஸ்திரி போட்ட சட்டை. நெற்றியில் சின்னதாகக் குங்குமம். கையில் காபி டம்ளர். டீப்பாயின் மேல் மம்தாவின் போன்.

“வந்துட்டீங்களா?” என்றாள் மங்களம். “இன்னாடி மம்தா, போனை காலேஜ்லயே வுட்டுட்டு வந்துட்டியாமே? இந்தப் புள்ள பேரு ரோஹித்தாம். ஜெராக்ஸ் எடுக்க வந்த எடத்துல பாத்துட்டு, வீடு தேடிக் கொண்டாந்து குடுக்குது. நம்ம பிரதாப்பையும் தெரியுமாம். இந்தக் காலத்துல யாரு செய்வாங்க?”

ரோஹித் எழுந்து நின்றான். மரியாதையாக, டம்ளரோடு இரண்டு கைகளையும் சேர்த்து.

“வணக்கம்க்கா. நீங்கதான் ‘நீல யூனிஃபார்ம்’ டயலாக் எழுதறீங்களாமே? ஆன்ட்டி இப்பதான் சொன்னாங்க. நான் உங்க பெரிய ஃபேன்.”

அவன் நேத்ராவைப் பார்த்துப் பேசினான். கண் மட்டும் ஒரு நொடி மம்தாவின் மேல் போய் வந்தது.

நேத்ரா மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. அவளுடைய வீட்டு நாற்காலி. அவளுடைய அம்மா போட்ட காபி. இதில் எங்கிருந்து தொடங்குவது?

“இன்னா நிக்கறீங்க ரெண்டு பேரும்? தேங்க்ஸ் சொல்லு மம்தா,” என்றார் பக்தவச்சலம்.

நேத்ராவின் கையிலிருந்து தங்கையின் கை நழுவியது. மம்தா முன்னால் போய் அப்பாவின் எதிரே நின்றாள். குனிந்து, கிழிந்த பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினாள். பஞ்சு முழுக்கச் சிவந்திருந்தது.

“எங்க விழுந்தேன்னு இவனைக் கேளுங்கப்பா.”

பக்தவச்சலம் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்கன்னு காலேஜ்ல பொய் சொல்லி என்னைக் கூட்டினு போனான். சயனைட் மேட்டுக்குப் போற வழியில நான் பைக்லேர்ந்து குதிச்சேன்.”

மங்களத்தின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போய்விடவில்லை. மறந்துபோய் உதட்டிலேயே நின்றது. அவள் மகளைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். இப்போது கேட்கப் போகிறாள், நீ இன்னா பண்ணேன்னு கேட்கப் போகிறாள் என்று நேத்ரா காத்திருந்தாள்.

மங்களம் மகளின் முட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பஞ்சைத் தொட்டாள். பிறகு எழுந்து போய், ரோஹித்தின் கையிலிருந்த காபி டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். பாதிக் காபி தரையில் கொட்டியது.

“ஆன்ட்டி, அவசரப்படாதீங்க.” ரோஹித்தின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டான். “நானே சொல்ல வேணாம்னு பார்த்தேன். அவளுக்குத்தான் அவமானம். நாங்க லவ் பண்றோம் அங்கிள். அவளே வரச் சொல்லி மெசேஜ் பண்ணா. இன்னைக்கு ஏதோ சண்டை, கோவத்துல பேசறா. என் போன்ல இருக்கு, பாக்கறீங்களா?”

அவன் தன் போனை எடுத்து நீட்டினான்.

லாக் எடுத்துக் கொடுத்த போன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அவன் கையில் இருந்திருக்கிறது. மம்தாவின் பெயரில் அவன் தனக்கே என்ன வேண்டுமானாலும் எழுதி அனுப்பியிருக்கலாம். வசனம் எழுதுகிறவளுக்கு அது எவ்வளவு சுலபம் என்று தெரியும்.

“அப்பா, அதைப் படிக்காதீங்க...”

“படிக்கட்டும்க்கா,” என்றாள் மம்தா. “படிங்கப்பா. எத்தனை மணிக்கு வந்துச்சுன்னும் சேத்துப் பாருங்க. பத்து மணிலேர்ந்து என் போன் இவன்கிட்ட இருந்துச்சு. பத்து இருபத்தஞ்சுக்கு நான் ஸ்டேஷன்ல கீரைக்கார அம்மா போன்லேர்ந்து அக்காகிட்ட அழுதுகினு இருந்தேன். அக்கா போன்ல அந்த நம்பர் இருக்கு.”

ஆடிக்கொண்டிருந்த ரோஹித்தின் கால் நின்றது.

பக்தவச்சலம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். அவன் போனை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, உதடு அசைய மெதுவாகப் படித்தார். ஒரு செய்தி. அடுத்தது. அதற்கடுத்தது. நேத்ரா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். இருபத்தேழு வருஷமாகத் தெரிந்த முகம். இப்போது அதில் இருப்பது யார் மேல் வந்த கோபம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“போனைக் குடுங்க அங்கிள். நான் கெளம்பறேன்,” என்று ரோஹித் எழுந்தான்.

அவர் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மங்களம்,” என்றார். “வாசக்கதவைத் தாப்பா போடு.”